இன்றைய வீரரா, நாளைய வாய்ப்பா?

மாணவர்களே, அமெரிக்கக் காற்பந்து ரசிகர்களிடையே ‘டைனஸ்டி ஃபேண்டஸி லீக்’ என்றொரு கற்பனை ஆட்டம் உண்டு. நிஜ வீரர்களைக் கொண்டு நீங்கள் ஓர் அணி அமைப்பீர்கள். களத்தில் அவர்கள் ஆடுவது உங்களுக்குப் புள்ளியாகும். ஆண்டு முடிந்தாலும் அணி கலையாது. புதுமுக வீரர்களை மட்டும் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் கடைசி இடத்து அணிக்கே முதல் வாய்ப்பு. இந்த வாய்ப்புதான் ‘டிராஃப்ட் பிக்’. அடுத்த ஆண்டு வாய்ப்பைக்கூட இன்றே கொடுத்து வீரரை வாங்கலாம்.

சரி, எப்போ கொடுக்கணும், எப்போ வச்சிருக்கணும்? அணி வெல்லும் நிலையில் இருந்தால் கொடுக்கலாம். உங்கள் முறை கடைசியில்தானே வரும், மதிப்புக் குறைவு. அணி பலவீனமா? கொடுக்காதீங்க. வயது ஏறும் வீரரை விற்று, வாய்ப்புகளைச் சேருங்க.

நிஜக் களத்திலும் சான்று உண்டு. 1989இல் டல்லஸ் கவ்பாய்ஸ் தன் நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து, சில வீரர்களையும் பல வாய்ப்புகளையும் பெற்றது. அந்தப் பருவத்தில் டல்லஸ் வென்றது ஒரே ஓர் ஆட்டம். ஆனால் 1992, 1993, 1995 பருவங்களில் சூப்பர் பவுல் கிண்ணம் அதற்கே. வாக்கரை வாங்கிய வைக்கிங்ஸுக்கோ கிண்ணம் கிட்டவில்லை.

ஆகவே, பேரம் பேசும் முன் ‘என் அணி இப்போது எங்கே நிற்கிறது?’ என்று நேர்மையாகக் கேளுங்கள்.

கலந்துரையாட: பொறுமை எப்போது பலம், எப்போது தயக்கம்?