திரையும் விசையும்

நுழையும்முன்...

கணினித் திரையில் தோன்றும் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஓர் எண் உண்டு. அவ்வெண்களுள் சில எழுத்தாகத் தோன்றுவதில்லை. அவை திரையைத் துடைக்கவும், நிறத்தை மாற்றவும், விசையின் பொருளையே மாற்றவும் ஆணையிடுகின்றன. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட கருவியில் தமிழ் தனக்குரிய இடத்தைப் பெற்ற வரலாற்றை அறிய, இக்குறிகள் இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை மனிதர்களே கூடி முடிவு செய்கின்றனர். அவ்வாறு முடிவு செய்து 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட அட்டவணையே ஆஸ்கி. அதில் 0 முதல் 127 வரை 128 எண்கள் உள்ளன. ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ' 65 என்றும், 'பி' 66 என்றும் வரிசை செல்கிறது.

இவ்வட்டவணையின் முதல் 32 எண்களுக்கு உருவம் இல்லை. 7 என்னும் எண் மணியை ஒலிக்கச் செய்யும். 10 அடுத்த வரிக்கு இறக்கும். 13 வரியின் தொடக்கத்திற்குக் கொண்டு செல்லும். இவை கட்டுப்பாட்டுக் குறிகள் எனப்படுகின்றன.

தமிழ் கற்றோருக்கு இக்கருத்துப் புதிதன்று. நம் எழுத்துமுறையில் புள்ளிக்குத் தனியே ஒலி இல்லை. ககரத்தின் மேல் அமர்ந்து, அதனுள் இருக்கும் அகரத்தை நீக்கி ஒலிக்குமாறு படிப்பவருக்கு அது உணர்த்துகிறது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. தான் ஒலிக்காமல் பிறிதோர் எழுத்தின் ஒலிப்பை ஆளும் குறியை நாம் நெடுங்காலமாகவே கையாண்டு வருகிறோம்.

விடுபடுகுறி

ஆஸ்கி அட்டவணையில் 27ஆம் எண்ணுக்குத் தனிச்சிறப்பு உண்டு. எஸ்கேப் எனப்படும் விடுபடுகுறி அதுவே. விசைப்பலகையின் இடப்பக்க மேல் மூலையில் உள்ள விசை இதன் பெயரையே தாங்கி நிற்கிறது. 128 இடங்களுக்குள் உலகின் எழுத்துகள் அனைத்தும் அடங்கமாட்டா. எனவே, ஓர் அட்டவணையிலிருந்து விடுபட்டு வேறோர் அட்டவணைக்குச் செல்ல ஒரு வாயில் தேவை என அமெரிக்கக் கணினி அறிஞர் ராபர்ட் பெமர் 1960ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். 'இனி வருவனவற்றை வழக்கமான எழுத்தாகக் கொள்ளாதே. வேறு பொருள் கொள்' என்பதே அவ்வாயிலின் பொருள்.

இவ்வாயில் பின்னர்த் திரையை ஆளவும் பயன்பட்டது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட விடி100 என்னும் முனையத்தின் திரை, 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்டது. நடுக் கணினியிலிருந்து கம்பி வழியே வரும் எண்களை அது ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் எழுதிச் செல்லும். எண் 27 வந்ததும் எழுதுவதை நிறுத்தி, தொடர்ந்து வருவதை ஆணையாக ஏற்கும். இவ்வகை ஆணைகள் 1979ஆம் ஆண்டு அன்சி என்னும் அமெரிக்கத் தர அமைப்பால் வரையறுக்கப்பட்டன.

அவ்வாணைகளுள் சிலவற்றைக் காண்போம். எண் 27ஐ அடுத்து இடச் சதுர அடைப்பு, 2, பேரெழுத்து 'ஜே' ஆகியவை வந்தால் திரை முழுவதும் துடைக்கப்படும். சதுர அடைப்புக்குப்பின் 10, அரைப்புள்ளி, 20, பேரெழுத்து 'எச்' என வந்தால் இடங்காட்டி பத்தாம் வரியின் இருபதாம் இடத்திற்குச் செல்லும். 31உம் சிற்றெழுத்து 'எம்'மும் வந்தால் தொடரும் எழுத்துகள் சிவப்பாகும். 32 பச்சையையும் 34 நீலத்தையும் தரும். 0 என இட்டால் பழைய இயல்பு மீளும். இன்றும் லினக்ஸ் முனையத்தில் பிழைச்செய்தி சிவப்பு நிறத்தில் தோன்றுவது இவ்வாணைகளால்தான்.

விசையின் பொருள் மாற்றம்

திரையைப் போன்றே விசைப்பலகையும் எண்ணையே அறியும். விசையின் மேல் அச்சிடப்பட்டுள்ள எழுத்து மனிதரின் கண்ணுக்கானது. தனிக்கணினியின் பலகையில் 'ஏ' என்னும் விசையை அழுத்தினால் கணினிக்குச் செல்வது 30 என்னும் இட எண். கையை எடுத்தால் 158 செல்லும். எந்த இடத்திலுள்ள விசை தட்டப்பட்டது என்பதையே இவை தெரிவிக்கின்றன. அவ்விடத்திற்கு எந்த எழுத்தை வழங்குவது என்பதைக் கணினியிலுள்ள மென்பொருள் முடிவு செய்கிறது. ஆகவே, பலகையை மாற்றாமலேயே விசையின் பொருளை மாற்றலாம்.

1983ஆம் ஆண்டு வெளிவந்த எம்எஸ் டாஸ் இயங்குதளத்தின் இரண்டாம் பதிப்பில் அன்சி ஆணைகளை ஏற்கும் இயக்கி ஒன்று இடம்பெற்றது. எண் 27, சதுர அடைப்பு, 65, அரைப்புள்ளி, 66, சிற்றெழுத்து 'பி' என்னும் தொடரை அதற்கு அனுப்பினால், அதன்பின் பேரெழுத்து 'ஏ'யைத் தட்டும்போதெல்லாம் 'பி' தோன்றும். ஒரு விசைக்கு ஓர் எழுத்தை மட்டுமன்றி ஒரு முழுக் கட்டளையையும் ஏற்ற முடிந்தது.

இவ்வசதியில் ஓர் இடரும் இருந்தது. உரைக்கோப்பு ஒன்றினுள் இத்தொடர்களை மறைத்துவைத்தால், அதைத் திரையில் காட்டிய அளவிலேயே விசையின் பொருள் மாறிவிடும். பயனர் வழக்கம்போல் அவ்விசையைத் தட்ட, கோப்புகளை அழிக்கும் கட்டளை இயங்கிவிடக்கூடும். உரையாக வந்தது ஆணையாக மாறியதே இத்தீங்கிற்குக் காரணம். பிறரிடமிருந்து வரும் உரையில் கட்டுப்பாட்டுக் குறிகள் இருப்பின், அவற்றை நீக்கியபின்பே திரையில் காட்டவேண்டும் என்பது இன்றும் நிரலாளர் போற்றும் விதியாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றம் 1991ஆம் ஆண்டு இந்தியத் தரமாக வெளியிடப்பட்டது. அதில் 179 என்னும் எண் ககரத்தைக் குறிக்கும். எந்த மொழியின் ககரம் என்பதை முன்வரும் குறி அறிவிக்கும். 239, 68 என்னும் எண்கள் முன்னே வந்தால் தமிழ்க் ககரம். 239, 66 வந்தால் தேவநாகரிக் ககரம். பிற எழுத்துகளுக்கான வாயில் என்னும் பெமரின் கருத்து இங்கே இந்திய வடிவம் பெற்றது.

தட்டச்சுப்பொறி முதல் தமிழ்99 வரை

தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப்பொறியின் விசைகளோ ஐம்பதிற்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டு தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். புள்ளி, விசிறி போன்ற குறிகளை அச்சிடும்போது தாள் நகராமல் நிற்கும்; அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் விழும். நகராவிசை எனப்பட்ட இவ்வமைப்பால் இரு தட்டல்கள் இணைந்து ஓரெழுத்தாயின.

கணினிக்கு வந்தபோது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனி விசையமைப்பைக் கொண்டிருந்தது. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் எனப் பல மென்பொருள்கள் தமிழுக்கு வழி திறந்தன. ஆயினும், ஒன்றில் பழகிய விரல்கள் மற்றொன்றில் தடுமாறின. தட்டச்சுப்பொறி அமைப்பில் யகரத்தைத் தரும் அதே விசை, தமிழ்99இல் அகரத்தைத் தரும். இன்ஸ்கிரிப்ட் என்னும் அமைப்பில் ஓகாரக் குறியைத் தரும்.

இந்நிலையில் 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்றது. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தமிழ்நாடு அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. இதில் உயிர் 12, மெய்யின் இடத்தில் அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே தமிழெழுத்துக்குப் போதும். எஞ்சிய எழுத்துகளைத் தமிழ் இலக்கணமே ஆக்கித் தருகிறது. உயிர்மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் இரண்டும் புணரும். ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளிலும் முன்னுள்ள எழுத்து தானே புள்ளி பெறும்.

மணலூர்பேட்டை: ஒரு சான்று

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. இவ்வூர்ப்பெயரைத் தமிழ்99இல் எழுதும் முறையைக் காண்போம்.

ம, ண, ல ஆகிய மூன்றையும் தட்டி ஊகாரத்தைத் தட்டினால் 'மணலூ' அமையும். ரகரத்தைத் தட்டி ஆய்த விசையைத் தட்டினால், அவ்விசை இங்கே புள்ளியாகி 'ர்' வரும். பகரமும் ஏகாரமும் 'பே' ஆகும். டகரத்தை இருமுறை தட்டினால் 'ட்ட' என நிற்கும். இறுதியில் ஐகாரம் சேர 'ட்டை' நிறைவுறும். ஆங்கிலப் பலகையில் இவ்விசைகள் முறையே கே, பி, என், ஈ, எம், எஃப், ஜே, டி, ஓ, ஓ, ஆர் என்பனவாகும்.

எழுத்தெண்ணிப் பார்த்தால் இப்பெயரில் ம, ண, லூ, ர், பே, ட், டை என 7 எழுத்துகள் உள்ளன. விரல் தட்டியவை 11. கணினி ஒருங்குறியில் சேமிக்கும் எண்கள் 12. மகரத்துக்கு 2990, ணகரத்துக்கு 2979, லகரத்துக்கு 2994, ஊகாரக் குறிக்கு 3010 என அவை செல்கின்றன. புள்ளிக்கும் 3021 என்னும் தனியெண் உண்டு. அது இப்பெயரில் இரண்டு இடங்களில் வருகிறது. அவற்றுள் ஒன்றை மட்டுமே நாம் தட்டினோம். மற்றதை விசைப்பலகை மென்பொருள் இலக்கணம் அறிந்து இட்டது. கண் காணும் எழுத்து, விரல் தட்டும் விசை, கணினி காக்கும் எண் ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை இவ்வூர்ப்பெயர் தெளிவாகக் காட்டுகிறது.

தனி உடன்பாடும் பொது உடன்பாடும்

தொடக்ககால எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என எழுதிய கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தோன்றும். எழுதியவருக்கும் அவருடைய கணினிக்கும் இடையிலான உடன்பாடு படிப்பவரை எட்டவில்லை. இவ்வாறு எழுதப்பட்ட கட்டுரையும் கடிதமும் ஆவணமும் அழியாமல் இருந்தும் படிக்க இயலாதனவாயின. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அரிதாயிற்று.

ஒருங்குறி இந்நிலையை மாற்றியது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. அவ்வெண்கள் வேறெந்த எழுத்துமுறைக்கும் ஒதுக்கப்படவில்லை. எனவே, எந்த எழுத்து என்பதை முன்னறிவிக்கும் வாயிற்குறியும் தேவைப்படுவதில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், முன்பு டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது.

விசையின் பொருளை மாற்றத் துணிந்தவர்களால் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. அம்மாற்றத்தை அனைவருக்கும் பொதுவாக்க உடன்பட்டவர்களால் அது அங்கே நிலைபெற்றது. விசையமைப்பை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அது எழுதுபவரின் கைப்பழக்கம். சேமிக்கும் எண்ணோ நாளை படிக்கப்போகிறவருக்கும் உரியது. அதனைப் பொதுத் தரத்தில் காப்பதே இன்று எழுதும் தமிழ் என்றும் படிக்கப்பட வழியாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் பெயரில் உள்ள எழுத்துகள், தமிழ்99இல் தட்டவேண்டிய விசைகள், ஒருங்குறி எண்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. தமிழ்99இல் விசைப்பலகை மென்பொருள் தானே புள்ளியிடும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றிற்குரிய இலக்கணக் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.