செவிலி மாணவியரின் மன நெருக்கடி

புது டில்லியில் முன்னர் ரீடிங் ரோடு எனப்பட்ட வீதியே இன்றைய மந்திர் மார்க். 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் ஆலயம் இவ்வீதியில்தான் உள்ளது. அதற்குத் தெற்கே சிறிது தொலைவில், முன்பு வில்லிங்டன் மருத்துவமனை என வழங்கிய ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய பெரிய மருத்துவமனைகளில், பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த மாணவியர் சீருடையுடன் வார்டுகளுக்கு விரைவதை நாம் பார்த்திருக்கிறோம். (இக்காலத்தில் மாணவர்களும் உண்டு.) அவர்களுடைய மனநிலையை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

முதன்முறையாக ஊசி மருந்து செலுத்த வரும் மாணவியின் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அட்ரினல் சுரப்பியின் நீர் இரத்தத்தில் கலப்பதன் விளைவு இது. பல்வகைத் துன்பங்களுக்கும் உடல் ஒரே விதமாக எதிர்வினை புரிகிறது என்பதை ஹான்ஸ் ஸெல்யே என்ற அறிஞர் 1936-இல் எலிகளைக் கொண்டு விளக்கினார். இந்நிலை விரைவில் தணிந்தால் தீங்கில்லை. நாட்கணக்கில் நீடித்தாலோ உறக்கம் கெட்டுக் கவனம் சிதறும். மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டியவளுக்கு இது சிறிய விஷயமன்று.

நோயும் மரணமுமே இதற்குக் காரணம் என்று பலரும் கருதுவர். லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையை ஆராய்ந்த இஸபெல் மென்ஸீஸ் என்ற அம்மையார் 1960-இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றையும் காட்டியது. அங்கிருந்த செவிலியர் ஏறத்தாழ 700 பேரில் பயிற்சி முடித்தவர் 150 பேர் மட்டுமே, ஏனையோர் மாணவியர். நோயாளியிடம் பற்றுக் கொண்டு வருந்தாதிருக்க வேண்டும் என்பதற்காகவே போலும், வேலைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரே மாணவி பல நோயாளிகளுக்கு ஒரே வேலையைச் செய்வாள். சில காலத்தில் வேறு வார்டுக்கு மாற்றப்படுவாள். நோயாளியைப் பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடும் வழக்கமும் இருந்தது. கலக்கத்தைத் தவிர்க்க எழுந்த இம்முறைகள் கலக்கத்தைத் தீர்க்கவில்லை. ஒருவர் நலம் பெற்று வீடு திரும்புவதைக் கண்டு மகிழும் வாய்ப்பையும் அவை பறித்துவிட்டன. மாணவியரில் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே விலகினர். அவர்களுள் பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள்.

நம் நாட்டிற்கு இது கவலை தரும் செய்தி. 1946-இல் போர் கமிட்டி கணக்கிட்டபோது இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலி வீதமே இருந்தனர். அதன் பின் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்துள்ளது. எனினும் பாதியில் விலகும் ஒவ்வொரு மாணவியும் பெரிய இழப்பே.

10 மாணவியருக்கு ஓர் ஆசிரியை என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் விகிதம் வகுத்துள்ளது. அவ்வாசிரியை வகுப்பறையில் மட்டும் இருந்தால் போதாது என்பது எமது கருத்து. ஊசி போடும் வேளையில் கட்டிலருகே அவர் நிற்க வேண்டும். தான் கவனித்த நோயாளி இறந்த அன்று, படுக்கை விரிப்பை மாற்றியவுடன் அடுத்த வேலைக்கு மாணவியை அனுப்பாமல், கால் மணி நேரமாவது அவளை உட்கார வைத்துப் பேசவும் வேண்டும்.