பாசியைச் சாட்சிக்கு அழைத்தவர்

இரவோடு இரவாக ஆலைக் கழிவை ஆற்றில் திறந்துவிட்டுப் பொழுது விடிவதற்குள் மடையை அடைத்துவிடுகிறவனை, மறுநாள் புட்டியும் கையுமாக வந்து நீரை மொண்டு செல்லும் இரசாயன நிபுணரால் பிடிக்க முடிவதில்லை. குற்றத்தைச் சுமந்த நீர் அதற்குள் பல மைல் கடந்திருக்கும். ஆனால் கல்லையும் கட்டையையும் பற்றி அவ்விடத்திலேயே ஜீவிக்கும் பாசிகள் எங்கும் ஓடிவிடுவதில்லை. அவற்றின் வாக்குமூலத்தைக் கேட்டறியும் மார்க்கத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க விஞ்ஞானி ரூத் பாட்ரிக் அம்மையார்.

1907-இல் கான்ஸாஸ் மாகாணத்தில் பிறந்த அவருக்கு, வழக்கறிஞராயிருந்தும் இயற்கை ஆராய்ச்சியில் மோகம் கொண்டிருந்த தந்தையார், ஏழாவது வயதில் ஒரு மைக்ராஸ்கோப்பைப் பரிசளித்தார். 1934-இல் அம்மையார் வர்ஜீனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆயினும் அவர் பணியாற்றிய பிலடெல்பியா இயற்கை விஞ்ஞானக் கழகம் 1945 வரை அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஸ்திரீகளின் உழைப்பைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்வது அக்காலத்து ஸ்தாபனங்களுக்குச் சகஜந்தான்.

அவர் ஆராய்ந்த டயாட்டம் என்பது, கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவினால் குங்குமச் சிமிழைப் போல் அடியும் மூடியுமாக ஓடு கட்டிக்கொள்ளும் ஓரணுப் பாசி. அவ்வோட்டிலுள்ள கோடுகளையும் துளைகளையும் கொண்டே இனம் பிரித்துவிடலாம். 1948-இல் பென்ஸில்வேனியாவின் கோனஸ்டோகா ஆற்றுப் படுகையில், இரசாயனம், பூச்சியியல், மீனியல் முதலியவற்றில் தேர்ந்தவர்களைத் துணைக்கொண்டு அவர் நடத்திய பரிசோதனையில், சுத்தமான பகுதிகளில் இனங்கள் பலவாகவும், அசுத்தம் கலந்த பகுதிகளில் சகித்துக்கொள்ளக்கூடிய சில இனங்கள் மட்டும் ஏராளமாகப் பெருகியும் இருக்கக் கண்டார். ஆகவே ஜீவராசிகளின் கூட்டத்தைக் கண்டு மயங்காமல் வகையை எண்ண வேண்டும் என்றாயிற்று. அதற்காகக் கண்ணாடித் தகடுகள் செருகிய ஒரு சிறு மிதவைப் பெட்டியையும் வடிவமைத்தார். அதை ஆற்றில் விட்டுவைத்தால் டயாட்டங்கள் தாமாகவே தகடுகளில் வந்து படியும், எடுத்து எண்ணவேண்டியதுதான்.

1975-இல் டூபான்ட் என்ற பெரும் இரசாயனக் கம்பெனியின் நிர்வாகக் குழுவில் முதல் பெண் அங்கத்தினராக அவர் அமர்ந்ததைச் சிலர் முரண்பாடாகக் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1951-இல் அதே கம்பெனி சவானா நதிக்கரையில் அரசாங்கத்துக்காக அணு உலைகளை நிர்மாணித்தபோது, அவை இயங்கத் தொடங்கும் முன்பே நதியின் உயிர்களைக் கணக்கெடுத்தவர் அவர்தாம். பின்னாளில் கேடு நேர்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. ஆலைக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி ஏசியிருந்தால் அது கிடைத்திராது.