புகையிலையை விடுவிக்கும் வைத்திய முறை

பெருந்துறை என்றதும் நம் முன்னோர் நினைவில் எழுந்தது காசநோய் சானடோரியமே. இன்று அவ்வளாகத்தில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடைபெறுகின்றது. சானடோரியம் மறைந்தது, காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவு மறையவில்லை. சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமங்களிலும் மாண்ட 43,000 ஆடவரைப் பற்றி ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகையாதோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெல்லும் புகையிலையோ வாய்ப் புற்றுநோய்க்கு வழி செய்கின்றது.

ஆதலின், எந்த நோய்க்குச் சென்றாலும் வைத்தியர் “பீடி, புகையிலை உண்டா?” என்று வினவுதல் முறையே. அது குற்ற விசாரணை அன்று, சிகிச்சையின் முதற்படி. நம் அங்கத்தினர் பலர் வெட்கத்தால் “இல்லை” என்று கூறிவிடுகின்றனர். அதனால் இழப்பு அவர்களுக்கே.

வைத்தியரின் முறை ஐந்து படிகளைக் கொண்டது. முதலில் பழக்கத்தைக் கேட்டறிவார். அடுத்து, விட்டுவிடுமாறு தெளிவாகச் சொல்வார். பின்னர் நோயாளியின் மன உறுதியை அளந்தறிவார். உறுதியுள்ளவர்க்கு ஒரு நாள் குறித்து உதவி செய்வார். இறுதியாக, மீண்டும் வரவேண்டிய தேதியைச் சொல்லியனுப்புவார். இச்சிறு அறிவுரையால் பயன் உண்டா? 1979-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியர் ஓரிரு நிமிடம் அறிவுறுத்தித் துண்டுப்பிரசுரமும் தந்து, மீண்டும் விசாரிப்போம் என்று சொல்லி அனுப்பியவர்களுள் நூற்றுக்கு ஐவர் ஓராண்டு புகையாதிருந்தனர். அறிவுரை பெறாதவருள் நூற்றுக்கு ஒருவர்கூட அவ்வாறில்லை.

புகையிலையை விடுதல் ஏன் கடினம்? அதிலுள்ள நிகோடின் மூளையைப் பழக்கி அடிமையாக்குகின்றது. விட்டவுடன் எரிச்சல், உறக்கமின்மை, தறியில் மனம் ஊன்றாமை ஆகியன தோன்றும். முதல் சில நாட்களே மிகக் கடினம். சில வாரங்களில் அவை தணியும். தேவைப்படுவோர்க்கு நிகோடின் கலந்த மெல்லும் மாத்திரையை வைத்தியர் அளிப்பார். அதைப் புகையிலைபோல் விடாது மெல்லலாகாது. சற்றே மென்று கன்னத்தில் ஒதுக்கி வைத்தல் வேண்டும். 1800-11-2356 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும்.

இடையில் ஒருமுறை தவறினால் தோல்வி என்று எண்ணற்க. இழை அறுந்தால் நெசவாளர் பாவையே வீசிவிடுவதில்லை. முடிந்து மேலே நெய்கின்றார். அவ்வாறே வைத்தியரிடம் மீண்டும் செல்லுதல் வேண்டும். குடும்பத்தாரும் ஏளனம் செய்யாது துணை நிற்பாராக.

நம்முள் புகையிலை பயிரிடுவோரும் உளர். அவர்தம் உழைப்பை நாம் இகழவில்லை. ஈர இலையைக் கையாளும்போது நிகோடின் தோல்வழியே உட்சென்று தலைச்சுற்றலும் வாந்தியும் தரும் என்பதை அவர்களும் வைத்தியரிடம் மறையாது கூற வேண்டும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குச் செல்லும் அங்கத்தினர், கேட்கும்வரை காத்திராது, தம் பழக்கத்தைத் தாமே சொல்வாராக. விடுதலை அவ்வொரு சொல்லில் தொடங்குகின்றது.