வயதைப் பார்த்து அழிக்கலாமா?

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 லினக்ஸ், தற்காலிகக் கோப்புகள் தங்கும் ‘டிஎம்பி’ கோப்புறையை வட்டிலிருந்து நினைவகத்துக்கு மாற்றியிருக்கிறது. புதிதாக நிறுவினால், அதில் 10 நாள் தொடப்படாமல் கிடக்கும் கோப்புகள் தாமாகவே நீங்கிவிடும். இனி சர்வரில் குப்பையே சேராது என்று கொண்டாடத் தோன்றும். ஒருவர் மட்டும் புழங்கும் மடிக்கணினிக்கு இது நல்ல ஏற்பாடுதான். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆய்வக சர்வரில் நிலைமை வேறு. அங்கே ஒரு கோப்பின் வயதை வைத்து அது தேவையா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. அது யாருடையது, எந்த வேலை அதை நம்பியிருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். காரணம், லினக்ஸ் அடங்கிய யூனிக்ஸ் குடும்பத்தில் அழித்தல் நடக்கும் விதம்.

அங்கே கோப்புறை என்பது கோப்புகளை அடைத்து வைத்த பெட்டி அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை. பலகையில் பெயரும் வீட்டு எண்ணும் மட்டுமே உண்டு. உள்ளடக்கம் எல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளை வீட்டைத் தொடுவதில்லை, பலகையில் ஒரு வரியை அழிக்கிறது. ஆகவே அழிக்கும் உரிமை, பலகையில் எழுதும் உரிமையைப் பொறுத்தது. டிஎம்பி பலகையில் எல்லோரும் எழுதலாம் என்பதால், எவர் பெயரையும் எவரும் அழித்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுப்பதுதான் ‘ஸ்டிக்கி பிட்’. வீட்டுக்காரர், பலகையின் சொந்தக்காரர், ‘ரூட்’ எனும் நிர்வாகி ஆகியோர் தவிர வேறு யாரும் அந்த வரியில் கைவைக்க முடியாது. டிஎம்பியின் 1777 என்ற அனுமதி எண்ணில் முதலில் நிற்கும் 1 இதுதான். ஒரே வீட்டுக்குப் பலகையில் இரண்டு பெயர்கள்கூட இருக்கலாம். எல்லாப் பெயர்களும் போன பிறகும் உள்ளே ஆள் இருந்தால், அதாவது ஏதோ ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், வீடு காலியாகாது. பெயரும் இல்லை, ஆளும் இல்லை என்றான பிறகே கெர்னல் அந்த இடத்தை அடுத்தவருக்குத் தரும்.

இந்த நேர்த்தியான விதிக்கு இரண்டு விளைவுகள். பெரிய கோப்பொன்றை அழித்த பிறகும் ‘டிஎஃப்’ கட்டளை வட்டு நிரம்பியிருக்கிறது என்கிறது. ‘டியூ’ கூட்டிப் பார்த்தால் அந்த அளவு எங்கும் இல்லை. பெயரிழந்த கோப்பை ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப்’ அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று இதற்கு நேரெதிர். இரண்டு வாரம் ஓடும் ஒரு கணக்கீடு முதல் நாளில் எழுதிய இடைநிலை முடிவைப் பன்னிரண்டாம் நாளில் பெயர் சொல்லித் தேடும்போது, துப்புரவு நிரல் அந்தப் பெயரை ஏற்கெனவே அழித்திருக்கும். முதலாவதில் அழித்தும் இடம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் தேவைப்பட்டது போய்விட்டது. இரண்டிலுமே கோப்பின் தேதி நமக்கு எதையும் சொல்லவில்லை.

  

பத்து நாளுக்கு மேற்பட்டதை அழி என்று, கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையில் ஒரு வரி எழுதினால் போதாதா என்று கேட்கலாம். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் பழைய பதிவுக் கோப்புகளை நீக்க இருந்ததும் அப்படிப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட்தான். 2021 டிசம்பரில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வடிவத்தை அதன்மேல் எழுதினார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் ‘பாஷ்’ நிரல், அதை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை. படிக்கப் படிக்க ஓட்டும். பாதியில் ஸ்கிரிப்ட் மாறியதால் மதிப்பில்லாத மாறியோடு ஃபைண்ட் ஓடி, ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. போனது சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள். கட்டளையின் தருக்கத்தில் தவறில்லை என்றாலும், எல்லோருடைய கோப்பையும் தொடும் அதிகாரம் ஒரே வரியிடம் இருந்தால், ஒரு சறுக்கலின் விலை இவ்வளவு.

நினைவகத்தில் வைத்தால் மறுதொடக்கத்தில் எல்லாம் போய்விடுமே என்பது அடுத்த வாதம். சர்வர்கள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுபவை. நினைவகத்தில் பாதிவரை டிஎம்பி பிடித்துக்கொள்ளலாம் என்பதே டெபியனின் இயல்பு அமைப்பு. ஒரு பயனரின் கவனக்குறைவு மற்றவர்களின் வேலையையும் நெரிக்கும்.

ஆகவே எது யாருடையது என்ற பிரிவினை கோப்பு பிறக்கும்போதே நடக்க வேண்டும். உள்நுழையும் ஒவ்வொருவருக்கும் தனி டிஎம்பியைக் காட்டும் ‘பாம் நேம்ஸ்பேஸ்’ லினக்ஸில் உண்டு. ஆய்வகங்களில் வேலைகளை வரிசைப்படுத்தும் ‘ஸ்லர்ம்’, ஒவ்வொரு வேலைக்கும் தனி டிஎம்பி கொடுத்து, வேலை முடிந்ததும் அதை நீக்கும்படி அமைக்கலாம். அப்படியானால் பயனர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது எப்படி? அதற்கென்று குழுக் கோப்புறை ஒன்றை வெளிப்படையாக ஒதுக்கலாம். தற்செயலாகப் பகிரப்படும் இடத்தைவிட அது எவ்வளவோ மேல். நிர்வாகிக்குத் தொடக்கத்தில் ஒரு நாள் வேலை கூடும். பதிலுக்கு, அழிக்கும் கட்டளை தவறினாலும் சேதம் ஒரு வேலையின் எல்லைக்குள் நிற்கும். வயதுக் கணக்கை அறவே கைவிட வேண்டியதில்லை. இந்தப் பிரிவினையையும் மீறித் தேங்குவதை அள்ளும் கடைசித் துடைப்பமாக அது இருக்கட்டும்.