ஏழு கன்றுகளில் தொடங்கிய காடு

ஆண்டுதோறும் ஜூன் திங்கள் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஊரெங்கும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன, உரைகள் நிகழ்த்தப்படுகின்றன, நிழற்படங்கள் எடுக்கப்படுகின்றன. ஆனால் மறு ஆண்டு அதே நாளில் அக்கன்றுகளைத் தேடிச் சென்றால், பல இடங்களில் குழிகளே எஞ்சியிருக்கக் காண்கிறோம். மரம் நடுவது எளிது. அதனை வளர்த்து ஆளாக்குவதே அரிது. இவ்வுண்மையை உணர்ந்து, ஒரு நாட்டின் ஏழைப் பெண்களைக் கொண்டே கோடிக்கணக்கான மரங்களை வளர்த்துக் காட்டிய பெண்மணி ஒருவரைப் பற்றியும், அவர் கையாண்ட முறையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம். அவரும் நம்மைப் போலவே கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

அத்தி மரமும் சிற்றோடையும்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் நியேரி மலைப்பகுதியில், இஹிதே என்னும் சிற்றூரில் 1940ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிறந்தவர் வங்காரி மாத்தாய். அவருடைய வீட்டிற்கு அருகே மாபெரும் காட்டு அத்தி மரம் ஒன்று நின்றது. கிக்குயு மக்கள் அதனை 'முகுமோ' என்பர். விறகு பொறுக்கச் செல்லும் மகளிடம் அன்னையார், "அந்த மரத்தின் சுள்ளியைக்கூட எடுக்காதே, அது இறைவனின் மரம்" என்று சொல்லி அனுப்புவாராம். மரத்தின் அருகே ஊற்று ஒன்று பெருகிச் சிற்றோடையாக ஓடியது. நீரில் கிடந்த தவளை முட்டைகளைப் பாசிமணி என்று எண்ணி, சிறுமி வங்காரி அள்ளி எடுக்க முயல்வாள். விரல் பட்டதும் அவை சிதறிவிடும்.

பின்னர் அவர் நியேரியிலுள்ள புனித செசிலியா பள்ளியில் தங்கிப் படித்தார். அங்கே மரியாயின் சேனையில் சேர்ந்து, பிறருக்குச் செய்யும் பணியே இறைவனுக்குச் செய்யும் பணி என்பதைக் கற்றார். வகுப்பில் முதல் மாணவியாகத் தேறி, லிமுருவிலுள்ள லொரேட்டோ பெண்கள் பள்ளியில் இடம் பெற்றார். 1960இல் உதவிநலம் பெற்று அமெரிக்கா சென்று, பெனடிக்டின் கன்னியர் நடத்திய கல்லூரியில் உயிரியல் பயின்றார். 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, நடு ஆப்பிரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

படித்து முடித்துப் பிறந்த ஊருக்குச் சென்று பார்த்தபோது அவர் மனம் துணுக்குற்றது. நிலம் கை மாறியிருந்தது. தேயிலை பயிரிட இடம் வேண்டி அத்தி மரத்தை வெட்டிவிட்டார்கள். ஓடையும் வறண்டு போயிருந்தது, தவளைகளும் இல்லை.

மரத்திற்கும் ஓடைக்கும் என்ன உறவு?

மழை நேராக வெற்றுத் தரையில் விழுந்தால் மண்ணைக் கரைத்துக்கொண்டு விரைந்தோடிவிடும். அதனால் மழைக்காலத்தில் ஆறு செந்நிறமாகப் புரளும். கோடையில் மணலாகக் கிடக்கும். காட்டில் அவ்வாறில்லை. இலைகள் மழையின் வேகத்தைத் தடுக்கின்றன. உதிர்ந்த சருகு பஞ்சு போல் நீரை உறிஞ்சுகிறது. வேர்கள் மண்ணிலும் பாறை இடுக்கிலும் வழி உண்டாக்கி, நீரை ஆழத்திற்குச் செலுத்துகின்றன. அந்நீரே பின்னர் ஊற்றாகச் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. முகுமோவின் சுள்ளியைத் தொடக்கூடாது என்ற முன்னோர் கட்டளையில் ஊரின் குடிநீரும் அடங்கியிருந்தது என்பதை விஞ்ஞானம் கற்ற மகள் புரிந்துகொண்டார்.

"அப்படியானால் எந்த மரத்தை நட்டாலும் போதுமே" என்று நாம் கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. ஆங்கிலேயர் ஆட்சியில் கென்ய மலைகளில் இயற்கைக் காடுகளை அழித்து, பைன், தைலமரம், சீகை ஆகியவற்றை வரிசை வரிசையாக நட்டனர். நம் நீலகிரியிலும் சீகையும் தைலமரமும் இவ்வாறே வந்து பரவின. இவை விரைவில் வளரும். மரமும் பட்டையும் விறகும் தரும். ஆனால் ஒரே இன மரம் செறிந்து நிற்கும் தோட்டத்தில் அடியிலே பிற செடிகள் அதிகம் முளைப்பதில்லை. அந்நிலத்துப் பறவைக்கும் பூச்சிக்கும் வேண்டிய உணவும் கிடைப்பதில்லை.

நாட்டு மரமோ பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மண்ணோடும் மழையோடும் உயிரினங்களோடும் பழகியது. அத்தியையே எடுத்துக்கொள்வோம். அதன் பூக்கள் காய்க்குள் மறைந்திருக்கின்றன. அக்காய்க்குள் நுழைந்து மகரந்தத்தைச் சேர்ப்பது ஒரு சிறு குளவி. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்திற்கும் தனித்தனிக் குளவி இனம் உண்டு. அத்தி அழிந்தால் குளவி அழியும். குளவி அழிந்தால் அத்தியில் விதை இல்லை. பழத்தை நம்பி வாழும் பறவைகளும் குரங்குகளும் அத்துடன் துன்புறும். ஒரு மரம் என்பது ஒரு குடும்பம் அல்லவா?

பெண்கள் வளர்த்த நாற்றங்கால்கள்

1970களில் கென்ய நாட்டு மாதர் தேசிய சபையின் கூட்டங்களில் கிராமப் பெண்கள் தங்கள் குறைகளைக் கூறினர். விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்துள்ள உணவு இல்லை, கையில் காசு இல்லை. இந்நான்கிற்கும் அடிப்படை மரமில்லாமையே என்று வங்காரி கண்டார். "மரம் நடுவோம்" என்றார். 1977 ஜூன் 5ஆம் நாள் நைரோபியில் ஏழு கன்றுகள் நடப்பட்டன. 'பசுமை வளைய இயக்கம்' இவ்வாறு தோன்றியது. வரிசையாக ஆயிரம் கன்றுகளேனும் நட்டு, நிலத்திற்குப் பச்சை வளையம் இடுவதே இப்பெயரின் பொருள்.

வனத்துறை முதலில் இலவசமாகக் கன்றுகள் தர ஒப்புக்கொண்டது. ஆனால் கேட்பவர் பெருகவே, அதனால் கொடுத்து முடியவில்லை. எனவே பெண்கள் தாங்களே நாற்றங்கால் அமைத்தனர். அருகிலுள்ள காடுகளில் எந்த மரம் எப்போது விதை உதிர்க்கிறது என்று கவனித்துச் சேகரித்தனர். உடைந்த பானையிலும், அடியில் துளையிட்ட பழைய தகர டப்பாவிலும் விதைத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பலரும் இப்பணியில் தேர்ந்தனர்.

கன்று நட்டவுடன் ஊதியம் தரப்படவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்வையிட்டு, உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணி, அவற்றுக்கு மட்டுமே பணம் கொடுத்தார்கள். ஒரு கன்றுக்குக் கிடைத்தது சில காசுகளே. எனினும் அக்காசு ஏழைத் தாய்க்கு உதவியது; கன்றையும் காத்தது. முதலில் நட்ட ஏழு கன்றுகளில் இரண்டே நிலைத்தன என்பதை எண்ணும்போது இவ்விதியின் அருமை புலனாகும். 2004ஆம் ஆண்டிற்குள் இவ்வியக்கம் நட்ட மரங்கள் 3 கோடியைத் தாண்டின.

நகரத்தின் காடு

நைரோபி நகரை ஒட்டி கரூரா என்னும் காடு உள்ளது; பரப்பு சுமார் 1,000 எக்டேர். 1998இல் அக்காட்டின் பகுதிகள் கட்டடம் கட்டுவதற்காகத் தனியாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதை வங்காரி அறிந்தார். தோழியருடன் சென்று அங்கே கன்றுகளை நட்டார். 1999 ஜனவரியில் மீண்டும் நடச் சென்றபோது கூலியாட்கள் தாக்கினர். அவருடைய தலையில் காயம்பட்டது. மாணவர்களும் சமயத் தலைவர்களும் அவருக்குத் துணையாக எழுந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பொது நிலங்களைத் தனியாருக்குப் பகிர்ந்தளிப்பதை அரசு தடை செய்தது. காடு பிழைத்தது. இன்று நைரோபி மக்கள் அதன் நிழலில் உலாவுகின்றனர்.

2004இல் அமைதிக்கான நோபல் பரிசு வங்காரிக்கு வழங்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே. செய்தி வந்த அன்று நியேரியில் இருந்த அவர், உடனே மண்ணில் முழந்தாளிட்டு ஒரு மரக்கன்றை நட்டார். 2011 செப்டம்பர் 25ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது, தமக்காக ஒரு மரமும் வெட்டப்படலாகாது என்ற அவர் விருப்பப்படி, மூங்கிலாலும் கோரையாலும் ஆகாயத் தாமரையாலும் சவப்பெட்டி செய்யப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பினர் ஒரு புங்கங்கன்று நட்டோம். கைதட்டினோம், பெயர்ப்பலகையும் வைத்தோம். ஏப்ரல், மே விடுமுறைக்கு வீடு சென்றோம். திரும்பி வந்தபோது பெயர்ப்பலகை மட்டும் நின்றது. குறை கன்றினுடையதன்று, எங்களுடையதே.

இவ்வாண்டு வேறு வழி கொண்டுள்ளோம். ஐப்பசி மழைக்கு முன்னரே குழி எடுத்து, மழை தொடங்கியதும் நாவல், இலுப்பை, பூவரசு ஆகிய நம் நாட்டுக் கன்றுகள் மூன்றே நட்டிருக்கிறோம். விடுமுறையில் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் மாணவியர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவர். அதற்கான அட்டவணை வகுப்புச் சுவரில் தொங்குகிறது. பெற்றோர் தம் மகளின் முறை வரும் நாளில் அவளை அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.

அன்புத் தோழியரே! அடுத்த ஆண்டு மலரில் எத்தனை கன்றுகள் நட்டோம் என்று எழுத வேண்டாம். எத்தனை கன்றுகள் உயிரோடிருக்கின்றன என்று எழுதுவோம்.