பார்க்கும் முன்பே முடிந்துவிடும் தீர்ப்பு

2004 மார்ச் 11 காலை. ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில், வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்திருந்த புறநகர் ரயில்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அல்காலா தே எனாரெஸ் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வேனைப் போலீஸார் கண்டெடுத்தார்கள். உள்ளே நீல நிற பிளாஸ்டிக் பை, அதில் டெட்டனேட்டர்கள். பையின் மேல் மங்கலாக ஒரு கைரேகை. அதன் டிஜிட்டல் படம் இன்டர்போல் வழியாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் போனது.

எஃப்.பி.ஐ.யின் கணினி கோடிக்கணக்கான பதிவுகளைச் சலித்து, ஒத்துப்போகக்கூடிய 20 ரேகைகளை எடுத்துக் கொடுத்தது. நான்காவதாக இருந்தது ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது. அதை ஒப்பிட்ட நிபுணர், 'இது இவருடையதுதான்' என்றார். இரண்டாமவர் சரிபார்த்து ஆமோதித்தார். மூன்றாமவரும் ஆமோதித்தார். ஏப்ரல் 13-ஆம் தேதி ஸ்பெயின் போலீஸ் 'பொருந்தவில்லை' என்று எழுதி அனுப்பியது. எஃப்.பி.ஐ. அசையவில்லை. மே 6-ஆம் தேதி அந்த வழக்கறிஞரைப் பிடித்துச் சென்றார்கள். நீதிமன்றம் நியமித்த நான்காவது நிபுணரும் ரேகை அவருடையதுதான் என்று சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அதே நாளில், பையிலிருந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் அறிவித்தது. மறுநாள் வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006-இல் அமெரிக்க அரசு அவருக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். பயங்கரவாத வழக்கில் சிக்கிய ஒருவருக்காக, குழந்தை யாரிடம் வளர்வது என்ற குடும்ப வழக்கில் வாதாடியவர். மதவெறுப்பில் செய்த பழி என்று இதை முடித்துவிடலாம். ஆனால் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நடத்திய விசாரணை வேறொன்றைச் சொன்னது. ரேகையை முதலில் ஒப்பிட்டபோது அவருடைய மதமோ கட்சிக்காரரோ யாரென்று நிபுணர்களுக்குத் தெரியாது. பிறகு தெரியவந்தபோது, ஸ்பெயினின் மறுப்பைக் காதில் வாங்கத் தயங்கியதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். முதல் தவறு அதற்கு முன்பே, கண்ணிலேயே நடந்துவிட்டது.

எப்படி நடந்தது என்று அந்த அறிக்கை விளக்கும் இடம் என்னை இன்றும் உலுக்குகிறது. கணினி கொடுத்த ரேகையில் சில அடையாளங்கள் உண்மையிலேயே பையிலிருந்த ரேகையை ஒத்திருந்தன. அபூர்வமான ஒற்றுமைதான். அதைக் கண்டதும் நிபுணர்களின் பார்வை திரும்பி நடக்கத் தொடங்கியது. வழக்கறிஞரின் தெளிவான ரேகையில் ஒரு கோடு இரண்டாகப் பிரிகிறதா? பையின் மங்கலில் அதே இடத்தைத் தேடினார்கள், இருப்பதாகவே தெரிந்தது. தேடிப் போனபடி ஒவ்வொன்றாகக் கிடைத்தது. மேல் இடப்பக்கம் மட்டும் சுத்தமாகப் பொருந்தவில்லை. அதற்கு, அந்தப் பகுதி வேறொரு தொடுகையில் பதிந்திருக்கும் என்று காரணம் கண்டார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

வானொலியில் கேட்ட பழைய பாட்டில் ஒரு சொல் பல வருஷமாகப் புரியாமலே இருக்கும். யாராவது அது இன்ன சொல் என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த இடத்தில் வேறெதையும் நம் காது கேட்காது. ஒலி மாறவில்லை, மூளை அந்த இடத்தை நிரப்பிவிட்டது.

இப்படி நிரப்புவதற்கென்றே நரம்புகள் பின்னப்பட்டிருக்கின்றன. கண்ணிலிருந்து கிளம்பும் செய்தி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற நிலையத்தில் இறங்கி, பின்மண்டையிலிருக்கும் பார்வைப் புறணிக்குப் போகிறது. அந்த நிலையத்துக்கு வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்கு அளவுதான். புறணி தன் பங்குக்குக் கீழே திருப்பி அனுப்பும் இணைப்புகள் அதைவிட அதிகம். கண் சொல்வதைக் கேட்கும்போதே, 'அங்கே இது இருக்க வேண்டுமே' என்று மேலிருந்து ஒரு குரல் இறங்கிவருகிறது. கண் தரும் செய்தி மங்கலாக இருக்க இருக்க, அந்தக் குரலுக்கு வலு கூடுகிறது.

வெறும் கருப்பு வெள்ளைத் திட்டுகளாக்கிய ஒரு புகைப்படத்தைக் காட்டினால், முதலில் எதுவும் விளங்காது. மூலப்படத்தை ஒருமுறை காட்டிவிட்டு மறுபடி அதே திட்டுகளைக் காட்டினால் உருவம் எழுந்து நிற்கும். இதை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம் செய்து பார்த்து, நான்சி கான்விஷரின் குழு 2010-இல் முடிவை வெளியிட்டது. மூலப்படத்தைப் பார்த்த பிறகு, திட்டுகளைக் காணும்போது எழும் செயல்பாடு, மூலப்படத்தைக் காணும்போது எழும் செயல்பாட்டை நெருங்கிவந்தது. அதுவும் பார்வைப் புறணியின் ஆரம்பக் கட்டப் பகுதிகளிலேயே. புறணியில் செய்தி வந்து இறங்கும் இடத்திலேயே அதில் முடிவு கலந்துவிடுகிறது.

பயிற்சி இதிலிருந்து காக்காதா? அறிதல் அறிவியலாளர் இட்டியல் ட்ரோர், கைரேகை நிபுணரான டேவிட் சார்ல்டனோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையையே ஆட்டிவைத்தது. ஐந்து நிபுணர்கள். ஒவ்வொருவரும் பல ஆண்டுகளுக்கு முன் தாமே 'பொருந்துகிறது' என்று முடிவுசெய்த ரேகை ஜோடியை, அது தம்முடைய பழைய வழக்கு என்று தெரியாதபடி, அவர்களிடமே கொடுத்தார்கள். எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய அந்த மாட்ரிட் ரேகை இதுதான் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். மூன்று பேர் 'பொருந்தவில்லை' என்றார்கள். ஒருவர் 'முடிவுசெய்யப் போதுமான விவரம் இல்லை' என்றார். ஒரே ஒருவர்தான் தம் பழைய முடிவில் நின்றார். ரேகையும் அதேதான், கண்ணும் அதேதான். காதில் போட்ட ஒரு வாக்கியம்தான் புதியது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் இந்த ஐவரில் யாரையும் அனுபவமற்றவர் என்று ஒதுக்க முடியாது.

ஸ்பெயின் 'இல்லை' என்றபோதாவது எஃப்.பி.ஐ. ஏன் யோசிக்கவில்லை? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மாக்ஸ் ரோல்வாகே, ஸ்டீவ் ஃபிளெமிங் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நெருங்கி வருகிறது. திரையில் நகரும் புள்ளிக்கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அதே காட்சி இன்னும் தெளிவாகக் காட்டப்படும், வேண்டுமென்றால் முடிவை மாற்றிக்கொள்ளலாம். மூளையின் காந்தப் புலத்தை அளந்தபோது, தம் முதல் முடிவில் உறுதி மிகுந்திருந்தவர்களிடம் அதற்கு ஆதரவான சான்று ஓங்கிப் பதிவானது. எதிரான சான்று ஏறக்குறையப் பதிவாகவே இல்லை. அது மூளையில் எடைபோடப்பட்டுத் தள்ளப்பட்டிருந்தால்கூட வாதாடிப் பார்க்கலாம். தராசுத் தட்டுக்கே வராத ஒன்றை வைத்து யாரோடு வாதாடுவது?

அதனால்தான், 'நான் நடுநிலையோடு பார்க்கிறேன்' என்று ஒருவர் சத்தியம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை, ஆனால் சாய்வு நேர்மை இருக்கும் தளத்தில் நடப்பதில்லை. 21 நாடுகளைச் சேர்ந்த 403 தடயவியல் நிபுணர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், சாய்வு தம்மைத் தொடாது, அல்லது மன உறுதியால் அதைக் குறைத்துக்கொள்ளலாம் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். இதைப் பற்றிப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் பாதிக்கும் குறைவு.

மூளையைத் திருத்த முடியாது. அதற்குள் எது எப்போது போகிறது என்பதைத் திருத்தலாம். ட்ரோரும் மற்றவர்களும் 2015-இல் முன்வைத்த நடைமுறை இதைத்தான் செய்கிறது. சம்பவ இடத்து ரேகையை மட்டும் முதலில் பார்த்து, தெரியும் அடையாளங்களையும் அவை எவ்வளவு தெளிவு என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகுதான் சந்தேக நபரின் ரேகை கண்ணில் படலாம். பின்னால் எதையாவது மாற்றினால், மாற்றியதும் பதிவாக வேண்டும். சரிபார்ப்பவருக்கு முதலாமவரின் முடிவு தெரியக் கூடாது. மாட்ரிட் வழக்குக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யும் இந்த வழிக்கு வந்தது.

இது நமக்கு அந்நிய விஷயமல்ல. கைரேகைக்கென உலகில் அமைந்த முதல் அலுவலகங்களில் ஒன்று 1897-இல் கொல்கத்தாவில்தான் தொடங்கியது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய வகைப்பாட்டு முறையை உருவாக்க உழைத்தவர்கள் அங்கே பணியாற்றிய அஜீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். 2022-இல் நாடு முழுவதுக்குமான தானியங்கிக் கைரேகைத் தேடல் அமைப்பு இங்கே செயல்பாட்டுக்கு வந்திருக்கிறது. கிடங்கு பெரிதாகப் பெரிதாக, குற்றவாளியின் ரேகை அகப்படும் வாய்ப்பு கூடும். முற்றிலும் அந்நியரின் ரேகை அசப்பில் அதைப் போலவே அமைந்து பட்டியலில் வந்து நிற்கும் வாய்ப்பும் அதோடு கூடும்.

கைரேகை நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பது வழக்கம். அதோடு இரண்டு கேள்விகளையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க வேண்டும் என்பேன். இந்த அடையாளங்களைக் குறித்தது ஒப்பிடுவதற்கு முன்பா, பின்பா? சரிபார்த்தவரிடம் உங்கள் முடிவை யார், எப்போது சொன்னார்கள்? பதிலுக்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட குறிப்பேடு நீதிமன்ற மேசைக்கு வர வேண்டும்.